பேபிளேடு பெட்டி மேல் இருக்கும் 3-60 எஃப் என்றால் என்ன? பாகம் பாகமாகப் பார்ப்போம்

தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். 9 வயது மகனிடம் மூன்று பேபிளேடு பம்பரங்கள் இருக்கின்றன. ஒன்று சொந்தக்காரப் பையன் விளையாடி முடித்துக் கொடுத்த பழையது. மற்ற இரண்டும் பிறந்த நாளுக்கு வாங்கிய புதுசு. பழையதின் பாகம் புதுசில் சேரவே மாட்டேன் என்கிறது. புதுசில் ஒன்று முதல் அடியிலேயே மூன்று துண்டாகக் கழன்று விழுகிறது. இன்னொன்று நடுவில் நின்றபடி சுற்றுகிறதே தவிர யாரையும் அடிப்பதில்லை. பெட்டியில் 3-60 எஃப், 3-80 என் என்று போட்டிருக்கிறது. இதற்கெல்லாம் என்ன அர்த்தம், அடுத்ததாக எதை வாங்கித் தருவது என்பது கேள்வி.

அக்கா, நான் வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில் இருபது வருஷமாக டர்னர் வேலை பார்க்கிறேன். சுற்றுகிற பொருள் ஆடாமல் சுற்ற வேண்டும், அதுதான் என் தொழில். என் மகளுக்கு 11 வயது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் எம்.கே.பி. நகர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடிவிடுவார்கள். அவர்களோடு உட்கார்ந்து கழற்றி மாட்டித் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் பழைய பம்பரம் ஏன் சேரவில்லை என்பது. பேபிளேடு ஜப்பானில் 1999-இல் டகாரா கம்பெனி கொண்டுவந்தது. அந்தக் கம்பெனி 2006-இல் டோமியோடு இணைந்து டகாரா டோமி ஆனது. அதற்கு அப்புறம் சில வருஷத்துக்கு ஒரு முறை உள்கட்டமைப்பையே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். 2008-இல் உலோகச் சக்கரம் வைத்த தலைமுறை வந்தது. அதில் மேலே திருகாணி, அப்புறம் பிளாஸ்டிக் சக்கரம், உலோகச் சக்கரம், உயரத்துக்கு ஒரு தண்டு, கடைசியில் நுனி என்று ஐந்து பாகம். 2015-இல் பர்ஸ்ட் வந்தது. அதில் லேயர், டிஸ்க், டிரைவர் என்று மூன்று பாகம், அடிபட்டால் வெடித்துச் சிதறும். 2023-இல் எக்ஸ் வந்தது. அதிலும் பிளேடு, ராட்செட், பிட் என்று மூன்றுதான், ஆனால் பூட்டும் விதமே வேறு. ஒரு தலைமுறையின் பாகம் இன்னொரு தலைமுறையில் ஏறாது. உங்கள் மகனிடம் இருக்கிற பழையது பர்ஸ்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். திருகும்போது டிக் டிக் என்று பல் பல்லாக நகர்ந்தால் அதுவேதான். அதை அழுத்தி எக்ஸில் மாட்டப் பார்த்தால் இரண்டும் கெட்டுப்போகும். தனியாக வைத்துத் தனியாக விளையாடட்டும்.

சரி, புதுசு இரண்டுக்கும் வருவோம். பெட்டி மேல் இருக்கிற பெயரை வீட்டு முகவரி மாதிரி படிக்கலாம். ட்ரான் சோர்ட் 3-60 எஃப் என்று போட்டிருந்தால், ட்ரான் சோர்ட் என்பது மேலே இருக்கிற பிளேடு, 3-60 என்பது நடுவில் இருக்கிற ராட்செட், எஃப் என்பது கீழே தரையைத் தொடுகிற பிட். நைட் ஷீல்டு 3-80 என் என்பதும் அப்படியே. இந்தியக் கடைகளில் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெட்டியும் கிடைக்கிறது, அதில் பெயரைத் திருப்பிப் போட்டு சோர்ட் ட்ரான் என்று இருக்கும். நைட் ஷீல்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ஹெல்ம் நைட். பெயர் வேறாக இருக்கிறதே என்று ஒரே பம்பரத்தை இரண்டு முறை வாங்கிவிடாதீர்கள். பின்னால் இருக்கிற எண்ணும் எழுத்தும் பெரும்பாலும் மாறாது, அதைப் பாருங்கள்.

மூன்று பாகத்தில் எதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும் என்றால், நான் கீழே இருக்கிற பிட்டைத்தான் சொல்வேன். பிள்ளைகள் எல்லோரும் பளபளவென்று இருக்கிற பிளேடைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு பம்பரத்தின் குணம் அதன் ஆணியில்தான் இருக்கிறது. மரப் பம்பரம் விட்டவர்களுக்கு இது தெரியும். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடையில் வாங்கிய பம்பரத்தை அப்படியே விட மாட்டோம். முதல் வேலை ஆணியைச் சரி பண்ணுவதுதான். சாட்டையைச் சுற்றி ஒரு முறை விட்டு, சுற்றும்போதே உள்ளங்கையில் ஏற்றுவோம். ஆணி நேராக, மொழுக்கென்று இருந்தால் கையில் ஏறியது தெரியாமல் பூப்போல நிற்கும். கொஞ்சம் கோணலாக இருந்தால் கொறகொறவென்று உள்ளங்கையைச் சுரண்டும், துள்ளி விழும். அந்தச் சுரண்டல் என்பது, பம்பரம் தன் வேகத்தை நம் கையில் செலவழிக்கிறது என்று அர்த்தம்.

பிட்டும் அதே சங்கதிதான். எஃப் என்றால் ஃப்ளாட், அதாவது தட்டையான நுனி. என் என்றால் நீடில், ஊசி நுனி. பி என்றால் பால், உருண்டை நுனி. டி என்றால் டேப்பர், சரிவாகக் குறுகி முனையில் கொஞ்சம் மட்டும் தட்டையாக இருப்பது.

ஊசி நுனி தரையைத் தொடும் இடம் சுழற்சியின் மையத்திலேயே இருக்கிறது. மையத்தில் வேகம் கிடையாது. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அச்சின் நடுப்புள்ளி நின்ற இடத்தில்தானே நிற்கும்! அதனால் ஊசி நுனிப் பம்பரம் இடம் பெயராமல் நிற்கிறது, உராய்வும் குறைவு. தட்டை நுனி அப்படி இல்லை. பம்பரம் ஒரு துளி சாய்ந்தாலும் தட்டையின் ஓரம்தான் தரையைத் தொடும். ஓரம் வேகமாகச் சுற்றுகிற இடம். அது தரையைப் பிடித்துத் தள்ளுகிறது, பம்பரம் ஸ்கூட்டர் மாதிரி ஓடுகிறது. ஓடுவதற்கு ஆகிற செலவு சுழற்சியில் இருந்துதான் போக வேண்டும், அதனால் சீக்கிரம் களைத்துவிடும். உருண்டை நுனி இவை இரண்டுக்கும் நடுவில். பம்பரங்களை மோதவிடும், கிண்ணம் மாதிரி குழிந்த களமான ஸ்டேடியத்தில் அது தானாக நடுவுக்கு வந்து சேரும். வேகம் குறைந்து தள்ளாடும் கடைசி நேரத்திலும் அந்த உருண்டை உருண்டுகொண்டே இருப்பதால் சாயாமல் இன்னும் சில நொடி தாங்கும். பல ஆட்டம் அந்தச் சில நொடியில்தான் முடிவாகிறது.

ஆக, உங்கள் மகனின் 3-80 என் நடுவில் நின்று யாரையும் அடிக்காமல் சுற்றுவது அதன் கோளாறு கிடையாது. அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அது தற்காப்புப் பம்பரம், வருகிறவனை வரவிட்டு நிற்பது அதன் வேலை.

எக்ஸ் தலைமுறையில் பிட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. இதை நீங்கள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நுனிக்குக் கொஞ்சம் மேலே, சுற்றிலும் குட்டிக் குட்டிப் பற்கள் தெரியும், கைக்கடிகாரத்துக்குள் இருக்கிற பல்சக்கரம் மாதிரி. எக்ஸ் ஸ்டேடியத்தின் உள்சுவரை ஒட்டி ஒரு தண்டவாளம் ஓடுகிறது, அதிலும் பல் இருக்கும். தட்டை நுனிப் பம்பரம் ஓடிப் போய் அந்த விளிம்பைத் தொட்டதும் இந்தப் பல் அந்தப் பல்லில் மாட்டும். அந்தக் கணத்தில் சுழற்சியில் ஒரு பங்கு ஓட்டமாக மாறிவிடுகிறது. சர்ர்ரென்று ஒரு சத்தம், கண்ணால் பின்தொடர முடியாத ஒரு பாய்ச்சல், அப்புறம் எதிரே நிற்பதன் மேல் ஒரே இடி. முதல் முறை எங்கள் மாடியில் அதைப் பார்த்தபோது நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். லேத்தில் ரேக் அண்டு பினியன், அதாவது பல் வைத்த சட்டத்தில் பல்சக்கரம் ஓடுவது, என்று தினமும் கையால் தள்ளுகிற அதே அமைப்பு ஒரு பொம்மைக்குள் இவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது.

இதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகள் வீட்டில் பிளாஸ்டிக் டப்பிலும் பழைய வாணலியிலும் விட்டு விளையாடுகிறார்கள். உருண்டை, ஊசி நுனிகளுக்கு அது போதும். தட்டை நுனிக்கு அந்தத் தண்டவாளம் இல்லாவிட்டால் பாதி உயிர் போய்விடும், சுவரில் ஏறி வெளியே விழும். மகனிடம் எஃப் இருக்கிறது, எக்ஸ் ஸ்டேடியம் இல்லை என்றால், அடுத்த பம்பரத்துக்கு முன்னால் ஸ்டேடியம் வாங்குங்கள்.

ராட்செட்டில் சொல்ல அவ்வளவு இல்லை, ஆனால் எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். 3-60 என்றால் ஓரத்தில் மூன்று புடைப்பு, உயரம் 6.0 மில்லிமீட்டர். 3-80 என்றால் அதே மூன்று புடைப்பு, உயரம் 8.0 மில்லிமீட்டர். 2008 தலைமுறையிலும் இதே வழக்கம்தான், 145 என்றால் 14.5 மில்லிமீட்டர், 105 என்றால் 10.5. எக்ஸில் 60-க்கும் 80-க்கும் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஒரு தோசைக் கனம். ஆனால் மோதும்போது அதுவே பெரிசு. தாழ்வாக இருக்கிற பம்பரம் உயரமானதன் பிளேடுக்குக் கீழே புகுந்து ராட்செட்டிலேயே அடிக்க முடியும். உயரமானது எளிதில் சாயும், ஆனால் சாய்ந்தாலும் அதன் பிளேடு தரையைத் தொட நேரம் எடுக்கும். புடைப்பு அதிகமாக ஆக, 9-60 மாதிரி, ஓரம் வட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். எதிரியின் அடி மாட்டிக்கொள்ள இடுக்கு குறையும்.

முதல் அடியிலேயே கழன்று விழுகிறது என்றீர்களே, அதுவும் ராட்செட் சமாச்சாரம்தான். பிட்டை ராட்செட்டில் அழுத்திச் செருகி, அந்த ஜோடியைப் பிளேடின் அடியில் வைத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும். எதிரியின் அடி விழும்போது பிளேடு ஒரு பக்கமும் ராட்செட் ஒரு பக்கமும் திரும்பப் பார்க்கும். பூட்டு விட்டுப்போனால் பம்பரம் சிதறும். அது ஆட்டத்தின் ஒரு பகுதி. ஆனால் தொட்டதுமே சிதறுகிறது என்றால், பெரும்பாலும் கடைசி வரை திருகாமல் பாதியில் விட்டிருப்பார்கள். என் மகளும் ஆரம்பத்தில் அதைத்தான் செய்தாள். பூட்டும்போது ஒரு சின்ன இடறல் விரலுக்குத் தெரியும், அதைத் தாண்டும் வரை திருகச் சொல்லுங்கள். அப்புறம் பிட்டைக் கழற்றி அது செருகும் ஓட்டையில் மண்ணோ முடியோ இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டை மாடியில் விளையாடினால் கட்டாயம் இருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் எதுவும் போட வேண்டாம். எண்ணெய் போட்டால் பூட்டு வழுக்கும், இன்னும் சீக்கிரம் கழலும்.

இதெல்லாம் செய்தும் கழன்றால், அது போலியாக இருக்கலாம். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் நானே ஒரு முறை பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். பெட்டி, நிறம் எல்லாம் அச்சு அசல். மறுநாள் பட்டறைக்கு எடுத்துப் போய் மையம் பிடித்து, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். கேஜின் ஊசி அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடியது. என் மகளின் அசல் பம்பரத்தை வைத்தேன், ஊசி நகர்ந்ததே கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்த ஆட்டம்தான் பம்பரத்தை முதல் நொடியில் இருந்தே உதறி உதறிப் பூட்டை இளக்குகிறது. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இது உலோகம் வேகமாகச் சுற்றும் சாமான், உடைந்தால் துண்டு கண் பக்கம்தான் பறக்கும். ஹாஸ்ப்ரோ பெட்டியில் 8 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பதும் சும்மா இல்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பிட்டை எண்ணி எடுத்து வையுங்கள், வாயில் போடுகிற அளவுதான் இருக்கும்.

இனி பிளேடு. மொத்த எடையில் பெரும் பங்கு இதில்தான். இங்கே கவனிக்க வேண்டியது எடை எவ்வளவு என்பதைவிட, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை. வீட்டில் பழைய தையல் மெஷின் இருந்தால் அதன் சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் கம்பிதான், கனமெல்லாம் விளிம்பில். ஒரு கிராம் இரும்பை மையத்தில் இருந்து இரண்டு மடங்கு தள்ளி வைத்தால், சுழற்சியைப் பிடித்து வைக்கும் பலம் நான்கு மடங்கு ஆகும். அதனால்தான் நீண்ட நேரம் சுற்ற வேண்டிய பம்பரங்களின் பிளேடு வட்டமாக, விளிம்பில் கனமாக இருக்கும். அடிக்கிற பம்பரங்களுக்கு எடை சில இடங்களில் கொத்தாகக் கூடி, கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். அந்தத் துருத்தலில் மாட்டினால் எதிரி பறப்பான். ஆனால் அடிக்கிற அதே அடி தனக்கும் திரும்பி வரும், தானும் தடுமாறும். நாங்கள் வட்டத்துக்குள் இருக்கிற பம்பரத்தின் மேல் ஆக்கர் வைக்கும்போதும், ஓங்கிக் குத்தியவனின் பம்பரம் சில சமயம் அவனுக்கே திரும்பித் துள்ளும், அது மாதிரி.

எக்ஸ் தலைமுறையிலேயே 2025-இல் வந்த சி.எக்ஸ். வரிசையில் பிளேடே மூன்று துண்டு: லாக் சிப், மெயின் பிளேடு, அசிஸ்ட் பிளேடு. மகனுக்கு இப்போதைக்கு அது வேண்டாம், தொலைப்பதற்குத்தான் அதிகம் பாகம்.

இடது பக்கம் சுற்றும் பம்பரம் பற்றியும் பிள்ளைகள் பேசுவார்கள், எக்ஸில் கோபால்ட் டிராகூன் அப்படி ஒன்று. இரண்டு பம்பரம் ஒரே திசையில் சுற்றினால், உரசும் இடத்தில் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போகும், அதனால் பலமாக மோதித் தெறிக்கும். எதிரெதிர்த் திசையில் சுற்றினால் உரசும் இடத்தில் இரண்டும் ஒரே பக்கம் நகரும், பல்சக்கரங்கள் ஒன்றை ஒன்று ஓட்டுவது மாதிரி. வேகமாக இருப்பதிடம் இருந்து மெதுவாக இருப்பது கொஞ்சம் சுழற்சியை வாங்கிக்கொள்ளும். பார்க்க ரொம்ப அழகான ஆட்டம் அது. ஆனால் அதற்கு இடது பக்கம் சுற்றிவிடும் லாஞ்சர் தனியாக வேண்டும், வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பெயரின் முதல் பாதி ஜப்பானியரின் பழைய பம்பரமான பேகோமாவில் இருந்து வந்தது. ஆதியில் அது கடல் நத்தை ஓடு. உள்ளே மணல் அடைத்து, மெழுகால் மூடிச் சுற்றிவிடுவார்கள். பின்னால் இரும்பில் வார்த்தார்கள். வாளி மேல் துணியை இழுத்துக் கட்டி, அந்தக் குழிவுக்குள் இரண்டு பேர் விடுவது, வெளியே விழுந்தது தோற்றது. காசிமேட்டில் வலை உதறும்போது கொட்டுகிற சங்கு நத்தைகளைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். எடையை எங்கே வைப்பது, நுனி எப்படி இருப்பது என்ற அதே இரண்டு கேள்வியை அந்தப் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள்.

அடுத்தது எது வாங்குவது என்பதற்கு, புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். எக்ஸ் ஆட்டத்தில் எதிரி முதலில் நின்றுபோனால் 1 புள்ளி. சிதறவிட்டால் 2. ஸ்டேடியத்தின் ஓரக் குழியில் தள்ளினால் 2. பாய்ச்சலுக்கு எதிரே இருக்கிற எக்ஸ்ட்ரீம் குழியில் தள்ளினால் 3. முதலில் 4 புள்ளி எடுப்பவர் வெற்றி. நின்று சுற்றியே ஜெயிக்க நினைத்தால் நான்கு முறை ஜெயிக்க வேண்டும், அடிக்கிற பம்பரம் இரண்டே சுற்றில் முடித்துவிடலாம். ஆனால் ஓடுகிற பம்பரம் தானே குழியில் விழுந்து புள்ளியைத் தாரை வார்ப்பதும் நடக்கும்.

மகனிடம் ஏற்கனவே ஓடுவது ஒன்று, நிற்பது ஒன்று இருக்கிறது. அதனால் புதுப் பம்பரம் வாங்கும் முன், இருக்கிற இரண்டில் பிட்டை மட்டும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். ட்ரான் சோர்டில் ஊசி, நைட் ஷீல்டில் தட்டை. ஒவ்வொன்றையும் பத்து முறை விட்டு, எது எத்தனை முறை ஜெயித்தது என்று நோட்டில் குறிக்கட்டும். அப்புறம் பிட்டைப் பழையபடி வைத்து ராட்செட்டை மட்டும் மாற்றட்டும். ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான், இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. சிமெண்டுத் தரையில் மட்டும் விட வேண்டாம், நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். ஆணியைத் தேய்ப்பது மாதிரி பிட்டைத் தரையில் தேய்த்துச் சரி பண்ணவும் கூடாது.

அதற்கு அப்புறம் வாங்குவதாக இருந்தால், உருண்டை நுனி இருக்கிற ஒன்றை வாங்குங்கள். விசார்டு ஆரோ 4-80 பி, ஹாஸ்ப்ரோ பெட்டியில் ஆரோ விசார்டு என்று இருக்கும். அதன் பிளேடு வட்டமானது, விளிம்பில் கனமானது, அவனிடம் இல்லாத வகை. அந்த பி பிட்டை எடுத்து அவன் ட்ரான் சோர்டில் முதலில் மாட்டிப் பார்ப்பான் பாருங்கள், எங்கள் மாடியில் எல்லாப் பிள்ளையும் அதைத்தான் செய்தது.